அரை எலுமிச்சம்பழம்

இடுப்பு நிமிரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைச்சோலைச் சரிவில் அம்மாவோடு காப்பிப்பழம் பறித்துவிட்டு, திங்கள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வந்திருந்தேன். பழச்சாறு விரலில் ஏறினால் கருத்துவிடும், சோப்புக்குப் போகாது. அந்தக் கையோடுதான் தாவரவியல் ரெக்கார்டில் படம் வரைந்திருந்தேன்.

சார் அதை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இது ரெக்கார்டா, கரித்துணியா? காலேஜுக்கு வர்றப்பவாவது கை கழுவும்மா சிவசக்தி."

எல்லோரும் சிரித்தார்கள். தோல் எரியும்வரை தேய்த்துவிட்டு வந்தவள் நான். காலையில் நீங்கள் குடித்த காப்பி யார் கையால் பறித்தது என்று கேட்டிருக்க வேண்டும். நோட்டு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது.

மணி அடித்ததும் பக்கத்து பெஞ்சு சுஹைல் அரை எலுமிச்சம்பழத்தை என் நோட்டின் மேல் வைத்தான். ஏற்காடு பஜாரில் அவன் அப்பாவுக்குச் செருப்புக்கடை.

"இதை வெச்சுத் தேச்சுப் பாருங்க."

கடைக்காரன் மகனுக்கும் என் கை இளக்காரமா? சாரிடம் காட்ட முடியாத கோபமெல்லாம் அவன் மேல் இறங்கியது. டிபன் பாக்ஸால் அடித்தேன். புருவம் கிழிந்தது.

"ஏனுங்க..." ரத்தத்தை அழுத்திக்கொண்டே சொன்னான். "செருப்பு வித்தா ஊடு ஓடுமா? எங்கம்மாவும் சீசனுக்குப் பழம் பறிக்கத்தான் போறாங்க. இதுல தேச்சாதான் கறை போகும்."

அவனைத் தையல் போட அழைத்துப்போனார்கள். என்னை முதல்வர் அறைக்கு. சாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அடிச்சது தப்புதானுங்க. சுஹைல்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

முதல்வர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "அது கெடக்கட்டும். மொதல்ல சாருக்கு மன்னிப்பு எழுதிக் குடு, கிளாஸ்ரூம்ல கலாட்டா பண்ணதுக்கு. ரெக்கார்டுல கையெழுத்துப் போட்டுருவாரு."

"அவரு எங்கிட்டக் கேக்க வேண்டாமுங்களா?"

"கை கருப்புன்னா வாய் அதுக்கு மேல!" என்று சார் சிரித்தார். முதல்வரும் சிரித்தார். வெள்ளைத்தாளை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாதாம். ரெக்கார்டில் கையெழுத்து இன்னும் விழவில்லை. சார் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், விடமாட்டேன். ஆனால் சுஹைல் புருவத்தில் நாலு தையல். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது என் பாக்கி.