அளவுச் சட்டையைக் காணவில்லை

நாற்காலி காலியாக இருந்தது.

அவள் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். தையல் மெஷினின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். வெட்டுவதற்காக விரித்த இளமஞ்சள் துணி மேஜை மேல் தயாராகக் கிடந்தது. கத்திரிக்கோல் இருந்தது. சாக்கட்டி இருந்தது. சட்டையை மட்டும் காணோம்.

"அண்ணி, இந்த நாற்காலி மேல ஒரு சட்டை கிடந்துச்சே, பாத்தீங்களா?"

"எந்தச் சட்டை?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பழைய பெட்ஷீட்ல தைச்சது. நீலக் கோடு போட்டது."

"அதுவா? அதைப் போய்ச் சட்டைங்கறியே. சாக்குப் பைக்குக் கை வெச்ச மாதிரி இருந்துச்சு. நேத்து சாயங்காலம் பழைய துணி எடுக்கற வேன் வந்தப்ப மூட்டையோட சேத்துக் குடுத்துட்டேன்."

அவள் மெஷின் மூடியைக் கீழே வைத்தாள்.

அண்ணி என்பது கணவனின் அக்கா. வீட்டில் அவருக்குக் கமாண்டர் என்று பெயர். அவர் காது கேட்கும் தூரத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர், இன்னும் திரும்பிப் போகவில்லை. தம்பி மனைவிக்கு ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து குளிக்க வைத்தது, தலை வாரியது, மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை முறைத்துக்கொண்டு நின்றது எல்லாம் அவர்தான்.

நேற்று அலமாரியைக் காலி செய்தபோதும் அவர்தான் கூட உட்கார்ந்தார். குளிர் முடிந்து வெயில் தலைகாட்டியிருந்தது. அந்த அலமாரியில் கடையில் வாங்கிய உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவளே வெட்டி, அவளே தைத்து, அவளே பட்டன் வைத்தவை. ஒவ்வொன்றையும் மடிக்கும்போது அதனிடம் இரண்டு வார்த்தை பேசினாள்.

"உன்னைப் போட்டுக்கிட்டுதான் வேலைக்கு முதல் நாள் போனேன். மானத்தைக் காப்பாத்துன. போய்ட்டு வா."

"துணிகிட்ட தேங்க்ஸ் சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றார் அண்ணி. "என்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?"

"சொன்னா வாங்கிப்பீங்களா?"

"மாட்டேன்."

ஒவ்வொரு உடுப்பும் அவள் உடம்பின் அளவுக்கு, ஒரு நூல்கூடப் பிசகாமல் தைத்தது. அந்த உடம்புதான் மாறிவிட்டது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. குளிர் முழுக்க ஒரு கம்பளிச் சால்வை அவளை மூடிக் காத்தது. வெயிலில் சால்வை போர்த்தினால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை அவள் பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் மறுபடியும் உட்கார வேண்டும். அந்தக் கவுண்டர்க் கண்ணாடி மனுஷியை மார்பிலிருந்து தலைவரைக்கும்தான் காட்டும். நாள் முழுக்க வரிசை நகரும். நாள் முழுக்கப் பார்ப்பார்கள்.

அதற்கு ஒரு சட்டை வேண்டும். அந்தச் சட்டையை வெட்ட அளவு வேண்டும். அந்த அளவுதான் நேற்று சாயங்காலம் வேன் ஏறிப் போய்விட்டது.

தன் அளவைத் தானே எடுக்க இரண்டு கை வேண்டும். அவளுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. போன வாரம் காகிதத்தில் வரைந்து பார்த்தாள். பழைய சட்டையைப் பிடித்துத் தைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரு பக்கம் தொங்கின. கடைசியில் கணவன்தான் பழைய பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

அவன் தொழில் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது. மனுஷருக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தி, துணியை அவள் மேல் போர்த்தி, விரலால் கிள்ளிக் கிள்ளிக் கோடு போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஒரு பக்கம் ஸ்பாஞ்ச் அமுங்கின சீட் எத்தனையோ வரும்" என்று மட்டும் சொன்னான். "சீட்டைக் குத்தம் சொன்னா தொழில் ஓடுமா? கவர்தான் சீட்டுக்குத் தக்கன வரணும்."

"பொண்டாட்டிய சீட்டுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள்.

சீட் கவர் தைக்கும் தடித்த நைலான் நூலில், பல்லைக் கடித்துக்கொண்டு தைத்து முடித்தான். பார்க்கச் சகிக்காது. போட்டால் அச்சாகப் பொருந்தியது.

இன்னொரு தடவை அப்படிக் கண்ணாடி முன்னால் நிற்க அவளால் முடியாது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

போனை எடுத்தாள். "என்னங்க, உடனே வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

*

ஊருக்கெல்லாம் சீட் கவர் தைப்பவனின் வேனில் சீட் கிழிந்து ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. பின்னால் உட்கார்ந்த அண்ணி, வழக்கத்துக்கு மாறாக அதைக் குறை சொல்லவில்லை. அதுவே விபரீதமாக இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாதி வழியில், யாரும் கேட்காமலே. "ஊசி குத்தியிருக்கு, சாக்பீஸ் கோடு இருக்கு, கழுத்துல பட்டியே இல்ல. யாரா இருந்தாலும் குப்பைனுதான் நினைப்பாங்க."

"யாரும் உன்னைத் திட்டல அக்கா" என்றான் தம்பி.

"திட்டினாலாவது நல்லா இருக்கும்."

பழைய துணி பிரிக்கும் கொட்டகை தகரக் கூரை போட்டது. உள்ளே நுழைந்ததும் தூசி மூக்கில் ஏறியது. கழுத்தில் விசில் தொங்கவிட்ட மேஸ்திரி, ஒரு டீ கிளாஸோடு எதிரே வந்தான்.

"நேத்து சாயங்கால லோடா? உடுத்தற மாதிரி இருக்கறதெல்லாம் அந்தப் பக்கம் ஹேங்கர்ல. உடுத்த முடியாதது வெட்டு மேஜைக்குப் போயிடும்."

"வெட்டு மேஜைன்னா?"

"வொர்க்‌ஷாப்புக்கு வண்டி துடைக்கற துணி. பட்டன், ஜிப், தடிச்ச தையல் எல்லாம் வெட்டி எறிஞ்சிடுவோம். தையல் இருந்தா பெயின்ட்ல கீறல் விழும். காலைலயே வெட்டி முடிச்சாச்சும்மா."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் துண்டுத் துணிகள் இடுப்பளவு குவிந்திருந்தன. மேஸ்திரி கை காட்ட, மூவரும் மண்டி போட்டார்கள். நீலக் கோடு. அதுதான் அடையாளம். ஊரில் இத்தனை பேர் நீலக் கோடு போட்ட பெட்ஷீட்டில் படுக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதோ" என்றான் கணவன். முதுகுத் துண்டு. அவன் போட்ட சாக்பீஸ் அம்பு அழியாமல் இருந்தது.

ஒரு கை கிடைத்தது. பிறகு வலது முன்பக்கம். இன்னொரு கையை அண்ணி குவியலின் அடியிலிருந்து உருவினார். தும்மிக்கொண்டே உருவினார்.

இடது முன்பக்கம் மட்டும் இல்லை.

மற்றதெல்லாம் யாருக்கு வேண்டும்? வலது பக்கம் பழைய சட்டையிலேயே இருக்கிறது. இடது பக்கத்துக்காகத்தான் அவள் அன்று அழுதுகொண்டே நின்றாள். அவள் மெதுவாக எழுந்தாள். காற்றுக்காக வாசல் பக்கம் நடந்தவள், ஹேங்கர் வரிசை முன்னால் நின்றுவிட்டாள்.

அவளுடைய பச்சைக் கவுன். வேலைக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போனது. துணி பிரிக்கும் பெண் ஒருத்தி அதைத் தன் மேல் வைத்து, பக்கத்தில் இருந்தவளிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரு, பாக்கெட் வெச்சுத் தைச்சிருக்காங்க. யாரோ தனக்குன்னு தைச்சது போல."

"உனக்கும் அளவெடுத்த மாதிரிதான் இருக்கு. எடுத்துக்க."

தன் உடுப்பை இன்னொருத்தி மேல் பார்த்தால் நெஞ்சு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. நல்ல இடத்துக்குத்தான் போகிறது என்று இருந்தது.

"வலது பாக்கெட் கொஞ்சம் ஆழம்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "சில்லறை போட்டா தேடி எடுக்கணும்."

அந்தப் பெண் விழித்தாள்.

அப்போதுதான் வாசலில் கணவனின் குரல் கேட்டது. சத்தமில்லாத, ஆனால் கண்டிப்பான குரல்.

"அண்ணே. அந்தத் துணியைக் கொஞ்சம் குடுங்க."

மேஸ்திரி வாசலில் தன் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் நீலக் கோடு. நடுவில் ஒரு சாக்பீஸ் அம்பு.

"இதா? இப்பதான் எடுத்தேன். நல்லா துடைக்குதுங்க."

அண்ணி இரண்டே எட்டில் அங்கே போய், துணியை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "துடைக்கும், துடைக்கும். என் தம்பி தைச்சதுப்பா அது" என்றார். காலையில் சாக்குப் பை என்று சொன்ன அதே வாய்.

*

வேனுக்குள் ஐந்து துண்டுகளையும் மடியில் அடுக்கிய பிறகுதான் அண்ணி உடைந்தார்.

"சட்டையா இருந்துச்சு. இப்படித் துண்டு துண்டா ஆக்கி வெச்சுட்டேனே."

"அண்ணி, இதை நானே பிரிச்சிருக்கணும். தைச்ச சட்டையை அப்படியே துணி மேல வெச்சு வெட்டினா கழுத்தும் கைச்சுத்தும் சரியா வராது. துண்டா இருந்தாத்தான் அளவு நேரா விழும்." அவள் இடது முன்பக்கத்தை நீவினாள். ஸ்கூட்டர் அழுக்கு ஓரமாக அப்பியிருந்தது. "இவர் பல்லைக் கடிச்சுத் தைச்சது. பிரிக்க எனக்கு மனசு வரல. உங்க புண்ணியத்துல யாரோ பிரிச்சுட்டாங்க."

"என்னைச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்றே."

"வீட்டுக்கு வந்து பாருங்க."

வீட்டில் இளமஞ்சள் துணி மேல் துண்டுகளைப் பரப்பினாள். உடனே ஒரு சிக்கல் தெரிந்தது. தையலோடு சேர்த்து ஓரங்கள் போய்விட்டன. எல்லாப் பக்கமும் சிறுத்திருந்தது. எவ்வளவு சேர்க்க வேண்டும்? கொஞ்சம் பிசகினாலும் பழைய தொங்கல்தான்.

கணவன் குனிந்தான். கட்டைவிரலைத் துண்டின் ஓரத்தில் படுக்க வைத்தான்.

"சீட் கவருக்கு எப்பவும் இவ்வளவுதான் விடுவேன். உனக்கும் அதேதான் விட்டேன். கை அப்படியே போயிடுச்சு."

அவன் விரல் ஓரமாக நகர நகர, அவள் சாக்கட்டியால் பின்தொடர்ந்தாள். அண்ணி துணி நகராமல் பிடித்துக்கொண்டார். கத்திரிக்கோல் துணிக்குள் இறங்கியபோது மூவரில் யாரும் மூச்சு விடவில்லை.

*

திங்கட்கிழமை கவுண்டர் திறந்தது. சால்வை வீட்டில் கொடியில் தொங்கியது. இளமஞ்சள் சட்டை தோளில் நேராக விழுந்து, இடது பக்கம் எங்கேயும் இழுக்காமல் உட்கார்ந்திருந்தது. வரிசையில் வந்தவர்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், டிக்கெட்டை வாங்கினார்கள், பஸ்ஸைத் தேடி ஓடினார்கள். யாரும் நின்று பார்க்கவில்லை.

"எங்க போகணும்?" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"எங்கயும் இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமாண்டர்.

"அண்ணி, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"அப்ப ரொம்பக் கிட்டத்துல இருக்கற ஸ்டாப்புக்கு ஒண்ணு குடு. வரிசைல நின்னுட்டு வெறுங்கையோடவா போறது?" அண்ணி கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்கு நெருங்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "காலர் மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கலாம்."

அவள் டிக்கெட்டைத் துவாரத்தின் வழியாகத் தள்ளினாள். கையை உடனே எடுக்கவில்லை.

"தேங்க்ஸ் அண்ணி. எல்லாத்துக்கும்."

"வாங்கிக்க மாட்டேன்னு சொன்னேன்ல" என்றார் அண்ணி. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்து" என்றாள்.