க்ரைன் ஆட்டில் மோதிய ஞாயிறு: ஐந்தாம் வரைவு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கதாநாயகரே என் கதவைத் தட்டி, "ஆடுதான் குறுக்க வந்துச்சுன்னு எழுதிடு" என்று கேட்டுக்கொண்டார். ஆடு குறுக்கே வரவில்லை. படுத்திருந்தது. சிக்கலே அங்கேதான்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "ஆகஸ்ட் கடைசி வாரம். கடல் வெள்ளித் தகடாக மின்ன—"

(அடித்துவிட்டேன். எங்கள் டச்சுத் துறைமுக ஊரான பிளிசிங்கனில் கடல் என்றைக்கும் ஆறிப்போன டீயின் நிறம்தான்.)

இரண்டாம் வரைவு: "க்ரைன் நல்ல மனிதர். ஆனால்—"

(அவர் மனைவி நெல்லாவுக்கு டச்சில் சொல்லிக் காட்டினேன். "அந்த 'ஆனால்'ல இருந்தே ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார்.)

2

ஆனால், க்ரைனிடம் வழி கேட்டால் பிடிக்கும். அவருக்கு வழி சொன்னால் பிடிக்காது. வயது எழுபத்தொன்று. எங்கள் ஊர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஆண்ட்வெர்ப் துறைமுகம் வரைக்கும் சரக்குக் கப்பல்களுக்கு வழிகாட்டியாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் அந்த மணல்திட்டுகளுக்கு நடுவில் அதன் தலைவன் இவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். அப்படிப் பழகிய மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர்கள் மாடியில், நான் பத்தொன்பது வருடமாகக் கீழே. எல்லாம் கேட்கும்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கே ஒரு பதற்றம் வந்துவிடும். இன்னும் நாலைந்து சனி ஞாயிறுதான், பிறகு மழை. வெயில் இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவனைக் குற்றவாளி போலப் பார்ப்பார்கள். அதனால் மூவரும் கிளம்பிவிடுவோம். அவர்களுடையது இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள். முன்னால் க்ரைன், பின்னால் நெல்லா. அதற்கும் பின்னால், துருப்பிடித்த ஒன்றில் நான்.

3

(இந்தப் பகுதியை முதல் மூன்று வரைவுகளில் விட்டுவிட்டேன். காரணம் பிறகு.)

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பக்கத்து ஊரான ஃபேரே வரை போயிருந்தோம். பசி. ஒரு கடையில் உட்கார்ந்தோம். க்ரைன் உணவுப் பட்டியலைக் கையில் எடுத்து, கப்பல் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். நெல்லா கை கழுவப் போயிருந்தார்.

"எனக்கு ஒரு சட்டி மட்டி. வெள்ளைப் பூண்டு கொஞ்சம் தூக்கலா."

பரிமாறும் அம்மாள் அவரையே பார்த்தார். "ஐயா, இது பான்கேக் கடை."

"தெரியும். நீங்க மட்டியும் போடணும்னு சொல்ல வந்தேன்."

"சமையல்காரர்கிட்ட சொல்றேன். இப்ப பான்கேக்ல என்ன?"

"இவருக்கு என்னவோ அதேதான் எனக்கும்" என்று என்னைக் காட்டினார்.

பட்டியல் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

4

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. வெஸ்ட்காபெலே கடலணை. சுத்தமான வெயில், பின்காற்று. அணைமேட்டுப் பாதையின் நடுவில் ஏழெட்டு வெள்ளைச் செம்மறியாடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன.

"ஆடு" என்றார் நெல்லா.

"தெரியுது."

"க்ரைன், ஆடு!"

"தெரியுதுன்னு சொல்றேன்ல!"

"அப்ப பிரேக்கப் பிடியேன்—"

(இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

ஆடு எழுந்து, கோபமாக ஒரு முறை கத்திவிட்டு, நாலடி தள்ளிப் படுத்துக்கொண்டது. அதற்கு ஒன்றுமில்லை. சைக்கிள் சரிவில் உருண்டது. க்ரைன் ஆட்டுப் புழுக்கைமேல் உட்கார்ந்திருந்தார். நெல்லாவின் இடது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"அது என்னன்னு நினைச்ச?" நெல்லா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

க்ரைன் சட்டையைத் தட்டினார். கடலைப் பார்த்தார், அல்லது கடல் இருந்த திசையை.

"தரையில கொஞ்சம் மூடுபனி கிடக்குன்னு நினைச்சேன்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு குளிர்காலமா. ஓரமெல்லாம் தெரியும். நடுவுலதான் அழிஞ்ச மாதிரி இருக்கு. உன் மூஞ்சியப் பாக்கணும்னா உன் காதப் பாக்கணும்."

நெல்லா வலது கையால் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அதான் என் கம்மல் நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தியா?" என்றார். சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். எது முதலில் என்று எனக்கு நினைவில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரே, உனக்கு இது தெரியுமா?"

5

தெரியும். பான்கேக் கடையிலேயே தெரியும். மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்று நாலாம் வரைவில் எழுதினேன். பொய். இதில் ஒரு கதை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று காத்திருந்தேன். அது பழுத்து நெல்லாவின் மணிக்கட்டில் விழுந்தது.

அணைமேட்டில் நின்று இதை அப்படியே சொன்னேன். நெல்லா நல்ல கையால் என் முதுகில் ஒன்று வைத்தார். பள்ளிகளில் நீச்சல் சொல்லிக்கொடுத்த கை. இன்னும் வலிக்கிறது.

"முன்னால நீ ஏறு" என்றார். "அவன் பின்னால. நான் உன் தகர சைக்கிள ஒத்தக் கையில ஓட்டிக்கிறேன்."

அப்படித்தான் திரும்பினோம். பதினைந்து கிலோமீட்டர். பின்னாலிருந்து க்ரைன் வழிகாட்டினார்: "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். மெதுவா, பாலம் வருது." பாலம் வந்தது. கன்னத்தில் படும் காற்றை வைத்தே வளைவுகளைச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான்தான் இரண்டு முறை தவறவிட்டேன். "எந்த மடையன் உனக்கு உரிமம் குடுத்தான்?" என்று கேட்டார். சைக்கிளுக்கு உரிமம் கிடையாது என்றேன். "அதான் பாரு" என்றார்.

6

வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் போனார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றாராம். சைக்கிள்? "பின்னால் உட்கார்ந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்."

முடிவு எனக்கு வரவில்லை. க்ரைன் ஒன்று கொடுத்தார்: ஆடு மன்னிப்புக் கேட்கிறது. நெல்லா ஒன்று கொடுத்தார்: இரண்டு வருடம் மறைத்ததற்கு க்ரைன் மன்னிப்புக் கேட்கிறார். ஆட்டின் முடிவுதான் நம்பும்படி இருந்தது.

இன்று சனிக்கிழமை, ஆகஸ்டின் கடைசி. வெயில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து, க்ரைன் ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார். முன் இருக்கையின் திருகைத் தடவிக் கண்டுபிடித்துத் தளர்த்திவிட்டார். நெல்லா அவரைவிட ஒரு சாண் குட்டை. இருக்கையை நெல்லாவுக்காக இறக்கிவிட்டுத் தான் பின்னால் போகலாம். ஆட்டில் மோதியபோது சரிந்ததைத் தனக்காகவே ஏற்றிவைத்து, மறுபடி முன்னாலேயே உட்காரவும் செய்யலாம். அவர் கை அதன்மேல் இருக்கிறது, நகரவில்லை.

நெல்லா மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்கிறது. பன்னிரண்டு படி. நான் பேனாவை வைத்துவிட்டேன். திருகை நீங்கள் முடுக்குங்கள், சீக்கிரம்.