சூளை வரிசைக்கு என் ஓட்டு

நடுவராக இருப்பதற்கு முதல் தகுதி, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது. கட்டடக் கலை தெரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கூரையைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினால் போதும், அதைக் கட்டியவர் அன்றைக்கே மாமன் மச்சானுக்கெல்லாம் போன் போட்டு விருது கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுவார். அதனால் நாங்கள் பல்வலி வந்தவர்களைப் போல நடந்து பார்ப்போம். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்போம். எந்தப் பதில் வந்தாலும் "சரி" என்போம்.

என் முகம் இந்த வேலைக்கென்றே செய்தது. ஹோபார்ட்டில் என் அலுவலகத்துப் பிள்ளைகள், நெரிடா சிரித்தால் மழை வரும் என்று என் காது படவே பேசுவார்கள். பேசட்டும். அறுபது வயதில், விவாகரத்தும் வாங்கி, முப்பது வருடம் மேஸ்திரிகளோடும் முனிசிபாலிட்டியோடும் மல்லுக்கு நின்றவளுக்கு வேறு எப்படி முகம் இருக்கும்?

தாஸ்மானியா கட்டட, நகர வளர்ச்சி விருதுக்கு இந்த வருடம் நடுவர்கள் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் அலாஸ்டர். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு நண்பர், அதே காலத்திலிருந்து என்னோடு எதிலும் ஒத்துப் போகாதவர். இன்னொருத்தி ப்ரியோனி, நகரத் திட்ட நிபுணர், எங்கள் இருவருக்கும் மகள் வயது. அலாஸ்டர் வேனை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே மற்ற வண்டிக்காரர்களுக்கும் தீர்ப்பு வழங்கினார்.

கடைசியில் தேறியது இரண்டே இரண்டு. ஒன்று டேமர் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து கட்டிய திராட்சை மது நிலவறை. உண்மையிலேயே அழகு. அலாஸ்டர் அங்கே ருசி பார்ப்பதாகச் சொல்லி இரண்டு கோப்பை உள்ளே தள்ளிவிட்டு, சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது. இன்னொன்று பர்னி ஊரில் சூளை வரிசை. பழைய செங்கல் சூளை இருந்த இடத்தில், வாடகை கட்டி மாளாதவர்களெல்லாம் ஒன்று சேர்ந்து கட்டிக்கொண்ட பதினொரு சின்ன வீடுகள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை, அதன் முன்னால் துணி உலர்த்தும் முற்றம். வேறு அலங்காரம் கிடையாது.

அங்கே எங்களை எதிர்கொண்டவர் ஆம்ப்ரோஸ். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சார்பில் பேச அவரை அனுப்பியிருந்தார்கள். அனுப்பியிருந்தார்கள் என்றேனே தவிர, அவர் பாட்டுக்குத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இது ஈரத்தோட கிடந்தா நாத்தம் எடுத்துடும்" என்றார்.

"முற்றத்துல வெயில் எப்ப வரும்?" என்று கேட்டேன், என் பல்வலி முகத்தோடு.

"வரும்போது வரும். இது பர்னிம்மா" என்றார். பிறகு கொடியில் காய்ந்து கிடந்த ஒரு மெத்தை விரிப்பை உருவி, "இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா? எலாஸ்டிக் வச்சது. தனியாளா மடிக்கணும்னா பைத்தியம் பிடிச்சிடும்" என்றார்.

நடுவர் எதையும் தொடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பிடித்தேன். இரண்டு பேர் விரிப்பு மடிப்பதைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. நீ இரண்டடி பின்னால் போகிறாய், அவரும் போகிறார். இழுத்து உதறுகிறீர்கள். பிறகு நீ அவரை நோக்கி வருகிறாய், அவர் உன்னை நோக்கி வருகிறார், முனையோடு முனை சேர விரல்கள் இடித்துக்கொள்கின்றன. மறுபடி பின்னால். மறுபடி முன்னால். மூன்றாவது முறை வரும்போது பாஸ் நீரிணையிலிருந்து ஒரு காற்று அடித்து, மொத்த விரிப்பும் என் தலைமேல் கவிழ்ந்துவிட்டது. உள்ளே சோப்பு வாசனை. வெளியே அவர் சிரிக்கிறார். "நடுவரம்மா, உசிரோட இருக்கீங்களா?" என்கிறார்.

நான் விரிப்புக்குள் நின்று சிரித்தேன். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. வெளியே வந்தபோது என் கண்ணாடி மூக்கில் கோணலாக இருந்தது, அவர் அதை நேராக்கினார். இதை எப்படிச் சொன்னாலும் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

கிளம்பும்போது ஆம்ப்ரோஸ் அலாஸ்டரிடம் ஒன்று சொன்னார். பக்கத்துக் காலி மனையில் இதே போல இன்னொரு வரிசை கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம். விருது கிடைத்தால் மனை அவர்களுக்கு, இல்லாவிட்டால் கார் நிறுத்த விட்டுவிடுவோம் என்று நகர மன்றம் சொல்லிவிட்டதாம். "அடுத்த வரிசைக்கு ஆளுங்க இப்பவே காத்துட்டிருக்காங்க. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வேன்லயே குடியிருக்கா" என்றார். அலாஸ்டர் "சரி" என்றார்.

முடிவெடுக்க பெங்குவின் என்ற ஊரில் மீன் வறுவல் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். ப்ரியோனியின் ஓட்டு சூளை வரிசைக்கு. அலாஸ்டர் அசையவில்லை.

"பொது முற்றம் இருந்தா ஜனங்க பழகுவாங்கன்னு எல்லா விண்ணப்பத்துலயும் எழுதறான். முப்பது வருஷமா படிக்கறேன். எவன் பழகறான்? தலையை ஆட்டிட்டு வீட்டுக்குள்ள போயிடறான். நிலவறை அப்படி இல்ல. சொன்னதைச் செய்யுது."

"உங்களுக்கு ஊத்திக் கொடுத்தாங்க, அதைச் சொல்லுங்க" என்றாள் ப்ரியோனி.

"அடியே, நான் தலைவர்." அவர் உள்ளே சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட, 'பை' என்கிற பலகாரம் ஒன்றைக் கையில் எடுத்தார். "ஓட்டுக்கு முன்னாடி சம்பிரதாயம். போட்டியில இருக்கறவங்களோட யாருக்காவது ஒட்டு உறவு உண்டா?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பையைக் கடித்தார்.

அந்தக் கேள்வியை விதியில் சேர்த்ததே நான்தான். ஒரு வருடம் ஒரு நடுவர், சொந்த மைத்துனன் கட்டிய நூலகத்துக்காகக் கண்ணீர் விட்டு வாதாடியதைக் கண்டு கொதித்துப் போய், சண்டை போட்டுச் சேர்த்தேன். உறவு இருந்தால் சொல்ல வேண்டும், சொன்னால் ஓட்டு கிடையாது. என் ஓட்டு இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று. சமமானால் தலைவர் வைத்ததே சட்டம். நிலவறை ஜெயிக்கும். சூளை வரிசை தோற்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு எப்போது வந்திருக்கிறது?

"உண்டு" என்றேன்.

கடித்த பை கடித்தபடியே நின்றது. "யாரோட?"

"ஆம்ப்ரோஸோட."

"அவரை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்குத்தான் பார்க்கறேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

"எனக்குந்தான் பிடிச்சிது. நல்ல மனுஷன்."

"அந்தப் பிடிச்சிருக்கு இல்ல, அலாஸ்டர்."

ப்ரியோனியின் கையிலிருந்த உருளைக்கிழங்கு வினிகருக்குள் விழுந்தது. "நெரிடா, நீங்களா? எப்பலேர்ந்து?"

"அந்த விரிப்புலேர்ந்து."

அலாஸ்டர் பையைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, என்னை ஏதோ விரிசல் விட்ட தூணைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அம்மா தாயே, ஒரு மதியம் உன்னை வெளிய கூட்டிட்டு வந்தது தப்பா? அவருக்கு இது தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்போ இது ஒருதலை. ஒருதலையா இருந்தா அது உறவு இல்ல, வெறும் அபிப்பிராயம். அபிப்பிராயம் வச்சிக்கத்தான் உன்னை நடுவராப் போட்டிருக்கு. ஓட்டுப் போடு."

"அவருக்கும் பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள் ப்ரியோனி. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருந்தா இவ ஓட்டு போச்சு" என்றார் அலாஸ்டர். அவர் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது. "இடத்தை ரெண்டாவது தடவை பார்க்க விதியில இடம் இருக்கு. கேட்டுடுவோம்."

"கேட்கறதா? யாரு?"

"தலைவர் வேற எதுக்கு இருக்கேன்?"

வேன் திரும்பியது. பின்சீட்டில் நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பிடிக்கவில்லை என்று சொன்னால் என் ஓட்டு பிழைக்கும், வேனில் குடியிருக்கிற பெண்ணுக்கு வீடு கிடைக்கும். பிடித்திருக்கிறது என்று சொன்னால் அந்த மனையில் கார் நிற்கும். நியாயப்படி நான் எதை வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். மனசு அதை வேண்டிக்கொள்ளாமல், பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல, சொல்லு சொல்லு என்று குதித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை.

ஆம்ப்ரோஸ் இன்னும் முற்றத்தில்தான் இருந்தார். அலாஸ்டர் அவர் எதிரே போய் நின்று, வடிகால் பற்றிக் கேட்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"நிர்வாக சம்பந்தமா ஒரு கேள்வி. எங்க நடுவர் நெரிடா மேல உங்களுக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டா?"

"நல்லாத் துணி மடிக்கறாங்க."

"அதுக்கு மேல?"

ஆம்ப்ரோஸ் அவரைப் பார்த்தார், ப்ரியோனியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். இழுவைப் படகு ஓட்டியவர், ஆழம் பார்க்காமல் கால் வைப்பாரா? "நான் என்ன சொன்னா எங்க வரிசைக்கு நல்லது?" என்று கேட்டார்.

"அதைச் சொல்ல அனுமதி இல்ல."

"ஏதோ ஒண்ணு சொன்னா கெடுதல், அப்படித்தானே?"

"அதையும் சொல்ல அனுமதி இல்ல."

மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. தலையில் சுருள் கிளிப்புகளோடு ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். "அவர் சொல்லலேன்னா நான் சொல்றேன். நீங்க போனதுலேர்ந்து காய்ஞ்ச துணியை எல்லாம் திரும்ப நனைச்சுக் காயப் போட்டுட்டிருக்கார் மனுஷன். அதுல என் துணியும் போச்சு."

"மோனா, உள்ள போ."

"என் பாவாடையை ரெண்டு தடவை நனைச்சிட்டு என்னை உள்ள போகச் சொல்றியா?"

ஆம்ப்ரோஸ் கையில் இருந்த ஈரச் சட்டையை வாளியில் போட்டார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். "பிடிச்சிருக்கு" என்றார், என்னைப் பார்த்து. "கண்ணாடி கோணலா வெளிய வந்தாங்களே, அப்பலேர்ந்து. இதனால வரிசைக்குக் கெடுதல்னா எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா இல்லைன்னு சொல்ல எனக்கு வரல."

"நெரிடா, உன் ஓட்டு ரத்து" என்றார் அலாஸ்டர். ப்ரியோனியைக் கூட்டிக்கொண்டு வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

நாங்கள் இருவரும் முற்றத்தில் நின்றோம்.

"தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"எனக்குச் சொல்ல அனுமதி இல்ல" என்றேன். எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அவர் ஒரு முகத் துண்டைக் கொடுத்தார். ஈரமாக இருந்தது. அங்கே எல்லாமே ஈரமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. "எழுத்து மூலமாத் தெரிவிப்போம்" என்றார் அலாஸ்டர், ஆம்ப்ரோஸிடம் மட்டும் இல்லை, என்னிடமும். ஹோபார்ட் வரை நான் ப்ரியோனியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தேன். கண் சிமிட்டினால் நல்லதா, கொட்டாவி விட்டால் கெட்டதா என்று ஆராய்ந்தேன். இத்தனை வருடம் எத்தனை பேரை இப்படித் தவிக்க விட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு தினமும் ஆம்ப்ரோஸ் போன் செய்தார். சனிக்கிழமையானால் நான் பர்னிக்குப் போனேன். அந்த வேன் பெண்ணையும் பார்த்தேன். அவள் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தபோது, என் சந்தோஷத்துக்கு இந்தக் குழந்தை விலை கொடுக்கப் போகிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை.

விருது விழா ஹோபார்ட் துறைமுகத்தில், பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் நடந்தது. சூளை வரிசைக்காரர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். மோனா எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அலாஸ்டர் மேடையேறி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"பொது இடம் கட்டினா ஜனங்க பழகுவாங்கன்னு எல்லாரும் எழுதறாங்க" என்று ஆரம்பித்தார். "நான் நம்பினதே இல்ல. ஆதாரம் காட்டுங்கன்னு முப்பது வருஷமா கேட்டுட்டிருந்தேன், ஒருத்தரும் காட்டல. இந்த வருஷம் ஒரு துணி காயப் போடற முற்றத்துல, என் கண்ணு முன்னாடி, ஒரே மதியத்துல அது நடந்துது. அதுவும் யாருக்கு? நம்ம நெரிடாவுக்கு." கிடங்கு முழுக்கச் சிரிப்பு. அவர் கையைத் தூக்கி அடக்கினார். "இதைப் பார்த்த பிறகும் நான் நிலவறைக்கு ஓட்டுப் போட்டிருந்தா, எனக்குக் கண்ணு இருந்தும் பிரயோஜனம் இல்ல. விருது சூளை வரிசைக்கு. ஆதாரம் மூணாவது மேஜைல உட்கார்ந்திருக்கு. சந்தேகம் இருக்கறவங்க போய்ப் பார்த்துக்கலாம்."

மோனா நாற்காலி மேல் ஏறிவிட்டார். வேன் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், ஏதோ ஒரு தட்டு உடைந்தது. பரிசு வாங்க ஆம்ப்ரோஸ் மேடைக்குப் போக வேண்டும். என் கையை விட்டால்தானே போக முடியும்? விடவில்லை. நானும் போனேன்.