இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு. இன்னொன்று, பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு. இருபத்திரண்டு வருடமாக அதை மிதித்து மிதித்து என் வலது கால் தனி ஆளாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் மிதிக்கும். தூக்கத்தில் மிதித்து மனைவியைக் கட்டிலிலிருந்து இறக்கிய வரலாறும் உண்டு.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி, குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் போய்விட்டது என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனபோதும் மிதித்தேன். மேசைக்கு அடியில், முழு பலத்தோடு.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “எதுக்கு டாக்டரம்மா மேசையை உதைச்சீங்க?”

“பிரேக் போட்டேன்.”

“பிடிச்சுதா?”

“எங்க!”

மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். வெகுநேரம் தேடினாள்.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், கட்டினவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்றோம். அரை மணி நேரத்தில் பேச்சு விவாகரத்துவரை போனதால் அதோடு விட்டாயிற்று. இப்போது வேறு வழியில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீடு, பஸ் வந்து திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி. நான் போன பிறகு இவள் மழையில் பையோடு நடந்து வருவதுதான் கண்ணை மூடினால் வந்தது. சாவைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தக் காட்சியைச் சமாளிக்க முடியவில்லை. அவள் கையில் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அவளிடமே சொல்லிவைத்தேன்.

மற்ற மாணவர்களையெல்லாம் கூட்டாளியிடம் அனுப்பிவிட்டேன். காலை ஆறு மணி எங்களுக்கு மட்டும்.

மருந்து ஏற்றிய வாரத்தில் குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் விரலில் ஊசி ஏறும். கார்க் கதவுகூடக் கடிக்கும். அவளே கதவைத் திறந்து, சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கி, பிறகுதான் எனக்கு மாட்டிவிடுவாள். வீட்டில் நான் ‘என்னங்க’. வண்டியில் ஏறிவிட்டால் ‘மாஸ்டர்’.

“மாஸ்டர், பின்னாடி ஒரு லாரி.”

“அது நிக்குதும்மா. நேத்தும் அங்கதான் நின்னுச்சு.”

“அதான் பயமா இருக்கு. எப்ப கிளம்பும்னு தெரியலையே.”

பாடம் முடிந்ததும் மைதானத்து ஓரமாக நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறப்பாள். என் நாக்கிலிருந்து ருசி கிளம்பிப் போய் மாதக்கணக்காகிறது. எனக்குக் காபியும் வெந்நீரும் ஒன்றுதான், டம்ளரின் சூடு மட்டும் சுகம். ஆகவே ருசியை அவள் சொல்லுவாள், ரேடியோ வர்ணனைபோல. “இன்னைக்குக் கசப்பு தூக்கல். சர்க்கரை அடியில தங்கிடுச்சு. வருது… வருது… இதோ வந்துருச்சு!” அந்த இடத்தில் சரியாக நானும் ஒரு வாய் குடிப்பேன். இனித்ததுபோலத்தான் இருக்கும்.

ஒரு நாளில் எனக்கென்று மிச்சமிருந்தது இந்த ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் நோயினுடையது.

தேர்வில் மட்டும் அவள் தேறவில்லை. ஒரு தடவையல்ல, மூன்று தடவை. எட்டுப் போடுவாள், ரிவர்ஸ் எடுப்பாள். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது வண்டி குலுங்கி அணைந்துவிடும். ‘சிடுமூஞ்சி’ என்று நாங்கள் அன்போடு அழைக்கும் தேர்வு அதிகாரியே என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார். “என்ன மாஸ்டர், ஊரையே பாஸ் பண்ண வெக்கறீங்க, வீட்டம்மாவை மட்டும் விட்டுட்டீங்களே?”

இதற்கிடையில் என்னிடமும் ஒரு கள்ளத்தனம் இருந்தது. மருந்து விரலோடு நிற்காமல் வலது பாதத்தையும் மரக்கடித்துவிட்டது. கீழே இருப்பது பிரேக்கா, வெறும் தரையா என்று தெரியாது. எந்த நேரமும் மிதித்துக்கொண்டிருந்த கால், இப்போது யார் வீட்டுக் காலோ என்று கிடந்தது. சொன்னால் வகுப்பு நின்றுவிடும். சொல்லவில்லை. பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் மாஸ்டராகவே நடித்தேன்.

நான்காவது தேர்வுக்கு முந்தின நாள். அதே ஏற்றம். நிறுத்தினாள். கிளட்ச்சை விடத் தொடங்கினாள். ஹேண்ட் பிரேக்கில் இருக்கவேண்டிய இடது கை அதை விட்டுவிட்டு, குறுக்கே வந்து என் நெஞ்சில் பதிந்தது. மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் ஒரு பொத்தான் வைத்துத் தைத்திருக்கிறார்களே, அது பெல்ட்டில் அழுந்தாதபடி, சரியாக அந்த இடத்தில். அதற்குப் பிறகுதான் வண்டி குலுங்கியது. அணைந்தது.

இருபத்திரண்டு வருட மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

“எத்தனை நாளா உனக்கு ஓட்டத் தெரியும்?”

“தெரிஞ்சா ஏன் மாஸ்டர் ஃபெயில் ஆகறேன்?”

“வண்டி குலுங்கறதுக்கு முன்னாடி உன் கை வந்துருச்சு. தெரியாம அணைக்கறவங்களுக்கு அணையப்போறது தெரியாதும்மா.”

கையை எடுக்கவில்லை அவள். முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள். “உங்க கால் எத்தனை நாளா மரத்திருக்கு?”

நான் காலைப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தது அதுதான் என்பதுபோல.

“வண்டியைத் துடைக்கறது யாரு? உங்க பிரேக் மேல தூசி படிஞ்சு ரெண்டு மாசமாச்சு.”

“அடிப்பாவி! தெரிஞ்சேவா ஓட்டின?”

“அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஓட்டினேன். பிடிக்கறதுக்கு ஆள் இல்லைன்னா வேற என்ன பண்றது?”

“அப்ப ஏன்மா ஃபெயில்?”

“லைசென்ஸைப் பார்த்துட்டுத்தான் போவேன்னீங்க. நான் வாங்கலைன்னா…” என்று நிறுத்திவிட்டாள்.

எதற்கும் என்னிடம் ஒரு ஜோக் இருக்கும். ஜேபியில் கைவிட்டால் வரும். அன்று வரவில்லை. டாக்டரம்மா, இனி மருந்தால் பலனில்லை, நிறுத்திவிடலாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

“நான் பார்க்கணும்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தாள். அன்று வர்ணனை இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்து, “சர்க்கரையே போட மறந்துட்டேன்” என்றாள்.

மறுநாள் சிடுமூஞ்சி அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். எட்டு முடிந்தது. ரிவர்ஸ் முடிந்தது. வண்டி ஏற்றத்தின் நடுவில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின்கண்ணாடி வழியாக அவள் தலை மட்டும் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால் அணைத்துவிடுவாள் என்றும் தோன்றியது. வேலியைப் பிடித்தேன். கம்பி கடித்தது. விடவில்லை.

வண்டி ஒரு துளிகூடப் பின்னால் வராமல், குலுங்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கிளம்பியது. நான் கற்றுக்கொடுத்ததிலேயே அழகான கிளம்பல். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போனது.

சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் இல்லாமல்.

சுற்றி வந்து வேலியோரம் நிறுத்தினாள். சிடுமூஞ்சி இறங்கி, சிரிப்பதற்குப் பழக்கமில்லாத முகத்தால் சிரித்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்தாள். கொக்கியை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள், வழக்கத்தைவிட நெடுநேரம்.

“என்னங்க, எங்க போகலாம்?”

வண்டிக்குள் அவள் ‘என்னங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

“வீட்டுக்குத்தான். சுத்தி வளைச்சுப் போ.”

கிளப்பினாள். என் வலது கால் பிரேக்கை மிதித்தது. மிதித்தது என்றுதான் நினைக்கிறேன்.