ஒரிஜினல் மாதிரி ஒன்று

யசிந்தா அன்ரி மறுபடியும் படியேறி வருவதைக் கண்ணாடிக் கதவுக்குள்ளால் கண்டதும் வசந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலை செய்யும் ஸ்ரூடியோவில் படம் எடுத்தாயிற்று, எடிட் பண்ணிக் கொடுத்தாயிற்று, அதோடு விட்டால் என்ன? அன்ரியின் மகள் பெனிற்றாவுக்குப் பிரான்ஸில் இருக்கும் கொலின்ஸ் என்ற பெடியனைக் கலியாணத்துக்குப் பேசியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு அனுப்பத்தான் படம். பெனிற்றாவின் இடது கன்னத்தில், சிறுவயதில் வள்ளத்தின் விளிம்பில் விழுந்து கிழிந்த தழும்பு ஒன்று கடைவாயிலிருந்து காதடிவரை கிடக்கிறது. முன்னர் வந்த சம்பந்தம் படத்தைப் பார்த்ததோடு நின்றுபோனது. இதுவும் அப்படிப் போய்விடுமோ என்று அன்ரிக்கு நித்திரை இல்லை. தழும்பை எடு என்றார், வசந்தினி எடுத்தாள். வெள்ளையாக்கு என்றார், ஆக்கினாள். நோர்வேயில் இருக்கும் தங்கச்சிக்காரி படத்தைப் பார்த்து இது ஆருடைய பிள்ளை என்று கேட்டுவிட்டாளாம், கொஞ்சம் கறுப்பாக்கு என்று திரும்பி வந்தார். அதையும் செய்தாள். கம்பியூட்டரில் ஒரே முகம் பைனல், புது பைனல், கடைசி பைனல் என்று வரிசைகட்டி நின்றது. அதற்குப் பிறகும் என்ன கோதாரிக்கு வருகிறார்?

வந்த அன்ரி மூச்சு வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தாவாம். எடிட் பண்ணாத படம் ஒன்று அனுப்பட்டாம். வசந்தினிக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது, இப்பவே அனுப்பலாம் என்று மவுஸைப் பிடித்தாள். அன்ரி அவளுடைய கையைப் பிடித்தார்.

"அதை இல்லை பிள்ளை. ஒரிஜினல் மாதிரி ஒண்டு செய்து தாங்கோ. தழும்பு மட்டும் வேண்டாம்."

வசந்தினி அவரையே பார்த்தாள். அன்ரி பகிடி விடவில்லை. நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தார். வெளிச்சத்தைக் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும், தலைமயிர் நாலு பறக்க வேண்டும், நெற்றியில் சின்னப் பரு ஒன்றும் வைத்துவிட வேண்டும், அப்போதுதான் நம்புவார்களாம். ஊரில் உள்ள பருவையெல்லாம் வழித்துத் துடைப்பதற்குத்தான் இந்தக் கதிரையில் இத்தனை வருடமாகக் குந்தியிருக்கிறாள். இனிப் பரு நடுகிற வேலையுமா? மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அன்ரியின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பருவை வைத்தாள். வைத்ததற்கு முன்னால் அசல் பருவே தோற்றுப்போகும், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்ரிக்கு முகம் மலர்ந்தது. எழும்பப் போனவர் திரும்பவும் இருந்து, அந்தத் தழும்புப் படத்தை அழித்துவிடச் சொன்னார். ஆருடைய கையிலாவது அகப்பட்டால் கலியாணம் குழம்பிவிடுமாம்.

"அதை அழிச்சால் மற்றதுகளும் போயிடும் அன்ரி. எல்லாம் ஒரே பைலிலை அதுக்கு மேலைதான் நிக்குது."

உது என்ன புதுக்கதை, வேறு வேறு படம்தானே என்று அன்ரி வாதாடினார். வசந்தினி விளங்கப்படுத்தினாள், திரும்பவும் விளங்கப்படுத்தினாள், கடைசியில் ஒரிஜினலைத் திரை நிறையத் திறந்து இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படம் என்று காட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் தாயை ஏற்றிப்போக ஸ்கூட்டியில் வந்த பெனிற்றா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அன்ரி எழும்பி அதை மறைத்து நின்றுகொண்டு, அவர்கள் கேட்ட ஒரிஜினலை அனுப்பத்தான் வந்தேன் என்றார். வசந்தினிக்குப் பொய் முகம் வைக்க வராது. பெனிற்றா அவளைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"அவருக்குத் தழும்பு தெரியும் அம்மா. வீடியோவிலை கதைச்ச முதல் நாளே காட்டிப்போட்டன்."

அன்ரி திரையை இன்னும் நெருங்கி நின்று மறைத்தார்.

"ஒரிஜினல் கேக்கச் சொன்னதும் நான்தான். நீங்கள் என்னை அனுப்புவியளோ எண்டு பாக்கத்தான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்ரி திருப்பிக் கத்தியாவது இருப்பார். வசந்தினிக்கு இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. எழும்பி ஓரமாகப் போய் நின்றாள். மறைத்து நின்ற அன்ரியும் மெல்ல விலகினார். ஒரு பக்கம் திரை நிறைய மகளின் கன்னம், மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் மகளின் கன்னம். இரண்டுக்கும் நடுவில் நின்ற யசிந்தா எந்தப் பக்கமும் பார்க்க முடியாமல், கீழே கிடந்த கம்பியூட்டர் வயர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.