ஹார்லனின் கழுத்தும் கக்கூஸ் கதவும்

ஹார்லன் ஸ்வென்சன் மான் வேட்டைக்காக மரத்தில் கட்டியிருந்த பரணிலேயே தூங்கிப்போய்க் கீழே விழுந்தார். கழுத்தில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அன்றிலிருந்து அவரால் தலையைக் குனியவோ திருப்பவோ முடியாது. தேவாலயத்தில் எல்லோரும் தலைகுனிந்து ஜெபிக்கும்போது இவர் மட்டும் கூரையைப் பார்த்தபடி நிற்பார். புதிதாக வந்த பாதிரியார், இவருக்கும் கடவுளுக்கும் ஏதோ வழக்கு நடக்கிறது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதிலெல்லாம் ஹார்லனுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கார்பைன் விஷயத்தில்தான்.

கைத்துப்பாக்கிக்கான சின்னத் தோட்டாவையே போட்டுச் சுடுகிற, தோளில் சார்த்திப் பிடிக்கிற துப்பாக்கி அது. சுட்டால் தோளில் உதை விழாது. யாரோ பக்கத்தில் விக்கியது போலிருக்கும். விஸ்கான்சினின் வடக்கே, அவர்கள் ஊர் ஏரிக்கரைக் கிளப்பில் சனிக்கிழமை தோறும் அதை வைத்துத்தான் இரும்புத் தட்டுகளைச் சுடும் போட்டி. ஹார்லன் தன் கார்பைனுக்கு விசையை மாற்றினார், குழாயை மாற்றினார், கைப்பிடிக்குத் தானே வால்நட் கட்டையைச் செதுக்கினார். கடையில் வாங்கிய நாளில் இருந்ததில் மிச்சம் இருந்தது நம்பர் மட்டும்தான்.

ஆனால் குறி பார்க்கக் கன்னத்தைக் கட்டையில் சாய்க்க வேண்டும். அதற்குக் கழுத்து குனிய வேண்டும். கழுத்து வராததால், சிவப்புப் புள்ளி காட்டும் குறிகண்ணாடியை உயர்த்தினார். அடியில் ஓர் அலுமினியக் கட்டை வைத்தார். போதவில்லை. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. கடைசியில் கண்ணாடி குழாய்க்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. வசந்த காலத்தில் ஒரு சிட்டுக்குருவி அங்கே வைக்கோலோடு வந்தது. ஹார்லன் இடம் கொடுக்கவில்லை. கூடு கட்டினால் குறி மறைக்கும் என்றார்.

இப்படி உயர்த்தியதில் ஒரு சங்கடம். கண் போகும் வழி ஒன்று, தோட்டா போகும் வழி அதற்கு ஒரு சாண் கீழே. திறந்த வெளியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிளப்பில் பலகைச் சுவர் நிறுத்தி, அதில் ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் சுட வேண்டும் என்பார்கள். ஹார்லனின் கண்ணுக்கு ஓட்டை வழியே தட்டு பளிச்சென்று தெரியும். குழாயோ பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் ஒவ்வொரு வாரமும் பலகையைச் சுட்டார்.

பலகையைச் சுட்டவர் புதுப் பலகை வாங்கி, தன் கையாலேயே ஆணியடித்துக் கொடுக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். ஜூன் முடிவதற்குள் சுவர்கள் எல்லாம் புத்தம்புதுப் பைன் மரமாகிவிட்டன. ஜூலையில் பக்கத்து ஊர்க் கிளப்பிலிருந்து வந்து, ஹார்லனை ஒரு மாதத்துக்கு இரவல் தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதில் அதிகம் மகிழ்ந்தவர் மனைவியின் அண்ணன் டுவேன். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பிப்பார்.

"மாப்ள, பைன் மர வேட்டைக்கு இந்த வருஷம் சீசன் எப்ப முடியுது? லைசன்ஸ் எடுத்தியா?"

"மீன் ஆறுது மச்சான், சாப்பிடுங்க."

"மான் தலை மாதிரி மாட்டி வைக்க செவுத்துல இடம் இருக்கா? பலகைத் தலை பெருசா இருக்குமே!"

ஒரு வெள்ளிக்கிழமை ஹார்லன் முள்கரண்டியை வைத்துவிட்டார்.

"சரி. சீசன்ல கடைசிப் போட்டி வருதில்ல? அன்னிக்கு என் தோட்டா மரத்துல பட்டுச்சுன்னா, கார்பைன் உங்களுக்கு."

அந்தக் கார்பைன் மேல் டுவேனுக்கு நெடுநாள் கண். "படலைன்னா?"

"என் கழுத்து, என் துப்பாக்கி, பலகை, இத பத்தியெல்லாம் உயிர் இருக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

டுவேன் யோசித்தார். அவருக்கு வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் கை கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஹார்லன் முகம் மழிக்கக் கண்ணாடி முன் நின்றார். கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மழிப்பது அவர் வழக்கம். பாதிக் கன்னத்தில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். குறிகண்ணாடியை மட்டும் ஏன் தூக்க வேண்டும்? துப்பாக்கி மொத்தமுமே முகத்துக்கு ஏறி வரட்டுமே. தோளில் படும் பின்கட்டையைக் கீழே இறக்கிவிட்டால் போதும்.

அதற்கு நல்ல கடினமான, வளைவுள்ள மரம் வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட மேப்பிள் மரம் ஒரே இடத்தில்தான் இருந்தது.

மனைவி லவோன் அன்று இரவு உருளைக்கிழங்கு மசியலுக்கு மேல் குழம்பை ஊற்றினார். குழம்பு தட்டை விட்டு இறங்கி, மேசையைக் கடந்து, வாசல் பக்கம் நடந்தது.

"ஏங்க, மேசைக்கு நாலு கால் இருந்துச்சே?"

"மூணு இருந்தாலே நிக்கும் லவோன். பால் கறக்கிற முக்காலி நிக்கல?"

"பசு மாடு இதுல சாப்பிடலைங்க."

ஹார்லன் ஒரு விறகுக் கட்டையைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். லவோன் குழம்பைத் துடைத்துவிட்டு, போன கால் போகட்டும் என்று விட்டார். கார்பைன் அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணன் அதைக் காட்ட வாரத்தில் ஐந்து நாள் இங்கே வருவார் என்று அவருக்குத் தெரியும்.

கடைசிப் போட்டி நாள் குளிர்ந்து தெளிந்திருந்தது. ஹார்லன் கார்பைனை எடுத்தபோது கிளப்பே கூடி நின்று பார்த்தது. அலுமினிய மாடி போய்விட்டது. கண்ணாடி குழாய்க்கு மேலே மூன்று விரல்கடை உயரத்தில் பணிவாக உட்கார்ந்திருந்தது. பின்னால் மேசைக்கால் வளைந்து இறங்கி, தோளில் அமர்ந்தது.

ஆனால் களத்தைப் பார்த்ததும் ஹார்லன் கார்பைனை இறக்கினார். நடுவில் நின்றது சுவரில்லை. கிளப் கக்கூஸின் கதவு. உளுத்துப்போன பழைய கதவு. அதில் காற்றோட்டத்துக்காக நாலு விரல்கடை நீளத்துக்கு வெட்டிய ஒரு பிறைநிலா ஓட்டை. அதன் வழியாகத்தான் ஐந்து தட்டுகளையும் சுட வேண்டும்.

போட்டியை நடத்தும் மர்னா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"கோச்சுக்காதப்பா ஹார்லன். கீல் போயிடுச்சு, அடிப்பக்கம் செல்லரிச்சிடுச்சு. நீ எப்படியும் சுடப் போற. புதுசு ஒண்ணு கெடைச்சா குளிர்காலத்துல எல்லாருக்கும் நல்லது."

கூட்டம் தலையாட்டியது. அந்தக் கதவை உள்ளிருந்து கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து சலித்தவர்கள்தான் எல்லாரும்.

"கீழ்ப்பக்கமா சுடு மாப்ள," என்றார் டுவேன். "அங்கதான் ரொம்ப உளுத்திருக்கு."

ஹார்லன் தரையில் வரைந்த கோட்டுக்குப் பின்னால் நின்றார். கதவு கைக்கெட்டும் தூரத்தில். மர்னா கேட்டார்: "தயாரா?" ஹார்லனால் தலையாட்ட முடியாது. கண்ணை மூடித் திறந்தார்.

மணி ஒலித்தது. கார்பைன் ஏறி வந்து அவர் கண்ணுக்கு முன் நின்றது. பிறையின் மேல்முனையில் சிவப்புப் புள்ளி. கீழ்முனைக்குச் சற்று மேலே குழாயின் வாய். மேலேயும் கீழேயும் மரத்துக்கு நூலிழை இடைவெளிதான். அவர் அவசரப்படவில்லை. முதல் தட்டு கணீரென்றது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. கழுத்து திரும்பாததால் ஹார்லன் இடுப்போடு திரும்பினார். கணீர். ஐந்தாவது தட்டு ஒலித்தபோது கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

மர்னா கதவருகே போனார். முன்பக்கம் தடவினார். பின்பக்கம் தடவினார். முழங்காலிட்டுக் கீழ்ப்பக்கம் பார்த்தார். எழுந்தபோது அவர் குரலில் உண்மையான சோகம் இருந்தது.

"ஒரு கீறல்கூட இல்ல."

கூட்டம் பெருமூச்சுவிட்டுக் கலைந்தது. டுவேன் வாயைத் திறந்தார். ஹார்லன் அவரைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

டுவேனின் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்ததால், அவர் ஹார்லனோடுதான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. கிளப் வாசல் தாண்டியதும் டுவேனின் காதுகள் சிவந்தன. சோளக்காடு தாண்டியபோது கன்னம் உப்பியது. பால்பண்ணை அருகே, சொல்லாமல் விட்ட பேச்சின் சூட்டில் அவர் பக்கத்து ஜன்னல் ஆவி படிந்து மங்கியது.

"என்ன மச்சான், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் ஹார்லன்.

டுவேன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

முன்னால் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஹார்லன் குறுக்கு வழியை விட்டுவிட்டு, ஏரியைச் சுற்றிப் போகும் நீள வழியில் வண்டியை மெதுவாகத் திருப்பினார்.