ஒரே குழாயில்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே ஆய்வகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் பேசாமல் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். அண்ணியும் நாத்தனாரும் அதைக் கச்சிதமாகச் செய்துவந்தார்கள். சமையலறை காலையில் அண்ணிக்கு, மாலையில் நாத்தனாரான சின்னவளுக்கு. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே. சொல்ல வேண்டியதெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் வழியாகத்தான் போகும். "பால் தீந்துபோச்சுன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்பாள் அண்ணி. தங்கச்சி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அவனும் பாவம், திரும்பி அதை அப்படியே ஒப்பிப்பான்.

காரணம் என்னவோ சின்னதுதான். ஆய்வகக் கூட்டத்தில் சின்னவள் மாவுச்சத்தை வெட்டும் தன் நொதியை, அதாவது என்சைமை, பற்றிப் பேசி முடித்ததும், "அது மொக்கைக் கத்திதானே, எதையும் வெட்ட மாட்டேங்குது" என்று அண்ணி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பாள். உண்மையாக இருந்ததுதான் அவளை உறுத்தியது.

இலை பகலெல்லாம் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. இருட்டியதும் அதை உடைத்துச் சர்க்கரையாக்கிச் செடிக்குச் சாப்பாடு போடுகிறது. விடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாம் காலி. இலை செய்கிற இந்த வேலையைச் சோதனைக் குழாயில் செய்துகாட்ட வேண்டும், அதுதான் சின்னவளின் ஆராய்ச்சி. மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இருக்கும்; அந்த மணிக்குள் அதன் இழைகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும். அவளுடைய நொதி நுனியிலிருந்து வெட்டக்கூடியது, ஆனால் இறுக்கத்தில் நுனி அகப்படாது. அண்ணியிடம் இரண்டு நொதிகள் இருந்தன. ஒன்று இழைமேல் பாஸ்பேட்டை ஏற்றி இறுக்கத்தைத் தளர்த்தும். மற்றது ஏற்றியதை எடுத்துவிடும். ஏற்றுவதும் எடுப்பதுமாக இது என்ன வெட்டிவேலை என்று சின்னவள் அந்த இரண்டாவதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

ஆய்வகத்திலும் முறைவைத்துத்தான் வேலை. காலையில் அண்ணி பாஸ்பேட்டை ஏற்றி, தன் நொதி போகும்வரை மணிகளை நன்றாகக் கழுவி, குழாயைப் பனிக்கட்டியில் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் சின்னவள் வந்து தன் நொதியை விடுவாள். கடைசியில் ஒரு சொட்டு அயோடின். மாவு மிச்சமிருந்தால் நீலம். ஒவ்வொரு தடவையும் நீலம்தான்.

பேராசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றும் தேறவில்லையென்றால் செடி அறையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அறை போனால் சின்னவளின் பட்டமும் போச்சு. இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்தச் செடி அறையில் நேரம் தலைகீழ். ராத்திரியெல்லாம் விளக்கு எரியும், பகலில் கும்மிருட்டு. மனிதர்கள் கண்விழிப்பதைவிடச் செடியை ஏமாற்றுவது சுலபம். இருட்டில் இருக்கும் தட்டின் மூடியைத் திறந்துவிட்டால், திரும்ப மூடும்வரை கதவைத் திறக்கக் கூடாது. துளி வெளிச்சம் பட்டாலும் செடி விடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும்.

அன்று மத்தியானம் சின்னவள் இலை பறிக்க உள்ளே போனாள். போன அவசரத்தில் 'உள்ளே ஆள்' பலகையை வெளியே மாட்ட மறந்துவிட்டாள். விளக்கைக்கூடப் போடாமல் கடைசி அலமாரிக்குப் பின்னால் பஞ்சைத் தடவிக் குனிந்திருந்தபோது அண்ணி வந்து கதவைச் சாத்தினாள், செடி கண்டுகொள்ளாத பச்சை விளக்கைப் போட்டாள், தன் தட்டின் மூடியையும் எடுத்துவிட்டாள். நிமிர்ந்த சின்னவள் அவளைப் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள். வெளியே போக வழியில்லை. சேதி சொல்ல அண்ணனும் இல்லை.

இருவரும் இலை பறித்தார்கள். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

"குழாயில இன்னிக்கும் நீலம்தானா?" என்றாள் அண்ணி, செடியைப் பார்த்துக்கொண்டு.

பதில் சொல்லவே கூடாதென்றுதான் சின்னவள் நினைத்தாள். "நீலம்தான். முதல்ல கொஞ்சம் வெட்டுது. அப்புறம் பாஸ்பேட்ல முட்டிக்கிட்டு நின்னுடுது."

"அதை எடுக்கத்தான் என்கிட்ட இன்னொண்ணு இருக்கே."

"எடுத்துட்டா இழை மறுபடியும் இறுகிடுமே."

"இறுகுறதுக்குள்ள நீ வெட்டிட்டா?"

சின்னவளின் கை நின்றது. "அதுக்கு மூணும் ஒரே நேரத்துல உள்ள இருக்கணுமே, அண்ணி."

அண்ணி என்ற வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"நான் கழுவிட்டுப் போனப்புறம்தானே நீ வர்ற" என்றாள் அண்ணி மெதுவாக. "நாம எப்ப ஒரே நேரத்துல இருந்திருக்கோம்?"

இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். தோன்றும், பேசிக்கொள்கிறவர்களுக்குத் தோன்றும். இவர்கள் இருவரும் தங்கள் சண்டையைக் கொண்டுபோய்க் குழாய்க்குள்ளும் போட்டுவைத்திருந்தார்கள். இலைக்குள் யாரும் யார் போவதற்காகவும் காத்திருப்பதில்லை.

தட்டுகளை மூடிவிட்டு இருவரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். தோள் இடித்தது, யாரும் நகரவில்லை. தனித்தனியாக விட்ட குழாய்கள், வழக்கம்போல் முறைவைத்து விட்ட குழாய், மூன்றையும் சேர்த்து விட்ட குழாய் என்று வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு அண்ணி அயோடினைச் சொட்டினாள். நீலம். நீலம். நீலம். நீலம். கடைசிக் குழாயில் அயோடினின் வெளிர்மஞ்சள் மட்டும் நின்றது. சின்னவள் குழாயைக் குலுக்கிப் பார்த்தாள். மஞ்சள் மாறவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அண்ணி. "உன் கத்தி நல்லாத்தான் வெட்டுது."

"இல்ல அண்ணி. நீங்க சொன்னது சரிதான். தனியா இருந்தா அது மொக்கைதான்." சொல்லி முடிப்பதற்குள் சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணியின் போன் அடித்தது. அண்ணன்தான். காலையில் தங்கை கொடுத்திருந்த சேதியை மறக்காமல் ஒப்பித்தான். "இன்னிக்கு சாயங்காலம் அவளுக்கு லேட்டாகுமாம், சமையல் யாருன்னு கேக்கச் சொன்னா."

அண்ணி போனைச் சின்னவளிடம் நீட்டினாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு பேரும்தான்ணா" என்றாள்.

"சரி" என்றான் அண்ணன். "இதை நான் இப்ப யார்கிட்ட சொல்லணும்?"